இறங்கி உருட்டாத மழைநாள்

1

இதை எழுதும்போது என் முகத்தில், நாடியில், ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. முல்லைத்தீவில் ஒரு சின்ன விடுதி. கயிற்றில் நனைந்த உடுப்பு தொங்குகிறது. சுவரோடு சாய்ந்தபடி என் சைக்கிள் நிற்கிறது. நேற்று நாள் முழுக்கப் பெய்த மழை, இன்று ஒன்றும் தெரியாத பிள்ளை போல ஒதுங்கிவிட்டது. வெயில் எறிக்கிறது.

ஊரில் இருக்கிற உங்களுக்கு முதலிலேயே சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாற்பத்தேழு வயது. நோர்வேயில் பேர்கன் என்ற நகரத்தில் இருக்கிறேன், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. தெற்கே தெய்வேந்திரமுனையில் தொடங்கிப் பருத்தித்துறை வரை தனியாகச் சைக்கிளில் போகிறேன். கூடாரம், உடுப்பு, சின்ன அடுப்பு எல்லாம் சைக்கிளிலேயே கட்டியிருக்கிறது. கணவர் இருக்கிறார், நல்ல மனிதர், முழங்கால் பிடிப்பதால் வரவில்லை. பிள்ளைகள் இருவரும் வளர்ந்துவிட்டார்கள். எனக்குப் பைத்தியம் இல்லை. இவ்வளவையும் மாத்தறையிலிருந்து வவுனியா வரை ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் ஒப்புவித்து எனக்கு இப்போது மனப்பாடம்.

சிங்களத்தில் கேட்டார்கள், தமிழில் கேட்டார்கள், கேள்வி ஒன்றுதான். தனியவோ? தனியத்தான். அதற்கு அடுத்த கேள்வி தமிழ்ப் பக்கத்துக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. "ஆர் விட்டது?" மதவாச்சி தாண்டியதும் ஒரு கடையில் பெரியவர் ஒருவர் அப்படிக் கேட்டார். "ஆரும் விடேல்லை ஐயா, நானாத்தான் வந்தனான்" என்றேன். அவர் கடைக்காரரைப் பார்த்தார், கடைக்காரர் தேநீரில் இன்னொரு கரண்டி சீனி போட்டார். என்னைப் பார்த்துப் பாவப்பட்டிருக்க வேண்டும்.

வவுனியாவில் என் அண்ணன் இருக்கிறார். வான் வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். அவர் வீட்டில் மூன்று நாள் நின்றேன். மூன்று நாளும் அண்ணனுக்கு ஒரே கதைதான்: மழைக்காலம், பொம்பிளை, தனிய. புறப்படும் காலையில் நான் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன். வழியனுப்பவும் வெளியே வரவில்லை. எனக்கும் கோபம் வந்தது. நானும் கூப்பிடாமல் புறப்பட்டேன்.

2

கிளிநொச்சியிலிருந்து நேரே வடக்கே போனால் பருத்தித்துறைக்கு வசதி. நான் பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பி, தர்மபுரம், புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்குப் போய்ப் பிறகு திரும்பி வந்து வடக்கே போவதாகத் திட்டம் போட்டிருந்தேன். இந்தச் சுற்று ஏன் என்று அண்ணன் கேட்கவில்லை. அது எந்த றோட்டு என்று அவருக்குத் தெரியும்.

பரந்தனுக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு இருந்தது. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வாய்க்கால் தண்ணீரை நம்பி வந்து நெல் விதைத்தவர். எனக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது ஷெல் விழத் தொடங்கியது. அந்தக் கிழக்கு றோட்டால் வெளிக்கிட்டோம். அப்பாவின் சைக்கிளில் பின்னுக்கு, வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின். நடுப்பாரில் நெல் மூட்டை. ஹாண்டிலில் பானை சட்டி. அண்ணன் ஹாண்டிலைப் பிடித்தார், நான் பின்னாலிருந்து தள்ளினேன். அப்பாவும் அம்மாவும் தலையிலும் தோளிலும் சுமந்தார்கள். எல்லோரும் மழை என்று நினைப்பார்கள். அன்றைக்கு மழை இல்லை, நல்ல வெயில். இரண்டு நாள் எடுத்தது புதுக்குடியிருப்புக்கு. முழுத் தூரமும் அண்ணன் முன்னால் பார்த்தபடி கத்திக்கொண்டே வந்தார்: "தள்ளு சுகந்தி, தள்ளு." மூட்டை சாயாமல் பக்கத்தில் வந்து தாங்கும்போதெல்லாம் பெடல் என் வலது கணைக்காலில் அடித்து அடித்துத் தோல் உரிந்துபோனது. தழும்பு இன்னும் இருக்கிறது.

சைக்கிள் வைத்திருந்த எவருக்கும் தெரியும், அப்படிச் சாமான் ஏற்றினால் அதில் ஏறி ஓட முடியாது. உருட்டத்தான் முடியும். அந்த றோட்டில் அன்றைக்கு நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் போயின. ஒருவரும் சைக்கிள் ஓடவில்லை.

கலியாணம் எழுதி நோர்வேக்கு விண்ணப்பித்தபோது ஒரு நேர்முகம் வைத்தார்கள். எங்கெங்கே இருந்தாய், எப்படி இடம் மாறினாய் என்று கேட்டார்கள். "சைக்கிளை உருட்டிக்கொண்டு போனனாங்கள்" என்று சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஆள்தான். சாப்பாட்டு நேரம் நெருங்கியிருக்க வேண்டும், சுருக்கிவிட்டார். பல வருடம் கழித்துக் குடியுரிமைக்காக என் கோப்பின் பிரதி கைக்கு வந்தபோதுதான் அந்த வரியைக் கண்டேன். 'விண்ணப்பதாரர் பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வரை சைக்கிள் ஓடிச் சென்றார்.' பள்ளிக்கூடச் சுற்றுலா போன மாதிரி.

திருத்தச் சொல்லி அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு அவர்கள் மொழி வரும், ஆனால் கோபம் வந்தால் போய்விடும். அன்றைக்கு வந்தது கோபம். கூட வந்திருந்த மகள் ஆரணிக்குப் பத்து வயது. அவள்தான் அந்த அலுவலருக்கு விளக்கினாள். உருட்டுவதற்கு அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது, 'திரில்லெ'. சைக்கிளை உருட்டினாலும் திரில்லெ, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துப் பூங்காவைச் சுற்றி வந்தாலும் திரில்லெ. அலுவலர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அவருக்குப் பூங்காதான் தெரிந்திருக்கும். "இதனால் உங்கள் முடிவுக்கு ஒரு பாதிப்பும் இல்லை" என்று சொல்லிக் கோப்பை மூடினார். ஆரணி வெளியே வந்து, "அம்மா, ரெண்டும் சைக்கிள்தானே, ஏன் கோவம்?" என்று கேட்டாள். பத்து வயதுப் பிள்ளையிடம் நான் என்ன சொல்ல. ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன்.

இந்தப் பயணத்துக்கு இலங்கை விசா எடுக்கும்போது இன்னொரு வேடிக்கை. வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் 'உல்லாசப் பயணி' என்று போட வேண்டியிருந்தது. நான் பிறந்த மாவட்டத்துக்கு நான் உல்லாசப் பயணி. சரி, அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். அவர்கள் எழுதிய வரியைத் திருத்த மாட்டார்கள் என்றால், அந்த வரியை நான் உண்மையாக்குகிறேன். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வரை சைக்கிள் ஓடிப் போகிறேன். ஒரு அடியும் உருட்டாமல். உல்லாசமாக.

விதிகளையும் எழுதிக்கொண்டேன். நிற்கலாம், காலை ஊன்றலாம், தேநீர் குடிக்கலாம். ஆனால் நான் மேலே இருந்தால்தான் சைக்கிள் முன்னுக்குப் போகலாம். வாகனத்தில் ஏற்றக்கூடாது. வேறு யாரும் தள்ளக்கூடாது. விழுவது இறங்குவதில் சேராது. கடைசி விதி நேற்றுக் காலையில்தான் சேர்ந்தது.

3

பேர்கனில் மழைக்கு நான் பயப்படுவதில்லை. அங்கே மழை வேலைக்குப் போகிற ஆள் மாதிரி, காலையில் வந்து பின்னேரம் வரைக்கும் ஒரே அளவாகப் பெய்யும். நான் ஆறு மணிக்கு மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போவேன். இல்லத்தில் ஒரு மூதாட்டி தினமும் என்னைக் கண்டதும் "வெளியே மழையா?" என்று கேட்பார், என் தலையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும். ஆகவே நேற்று கிளிநொச்சியில் விடியும்போது கூரை அதிர்ந்ததைக் கேட்டு நான் சிரித்தேன். எனக்கா மழை காட்டுகிறாய் என்ற எண்ணம்.

வன்னி மழை வேறு. சண்டைக்கு வருகிற மழை. பரந்தன் சந்திக்கு வருவதற்குள் சப்பாத்துக்குள் குளம். முன்னால் போகிற பஸ்ஸின் பின்விளக்கு மட்டும் தெரிகிறது. அண்ணன் அழைத்தார்.

"சுகந்தி, எங்க நிக்கிறாய்?"

"பரந்தனில அண்ணை."

"மழை விடாது. அங்கனையே நில், வான் கொண்டு வாறன்."

"வேண்டாம்."

"பிடிவாதம் பிடிக்காத."

"அதுக்குத்தான் வந்தனான்" என்று சொல்லிவிட்டுக் கைத்தொலைபேசியைத் தண்ணீர் புகாத பைக்குள் போட்டு மூடினேன். அதற்குப் பிறகு அது அடித்தது எனக்குக் கேட்கவில்லை.

எங்கள் வீடு இருந்த காணியைக் கடந்தேன். யாரோ நன்றாக நெல் விதைத்திருந்தார்கள், பச்சை நிற்கிறது. நிற்கலாம் என்றுதான் விதி, ஆனாலும் நிற்கவில்லை. அழுதுகொண்டு சைக்கிள் ஓடினால் கண் தெரியாது. நேற்று எனக்குக் கண் தேவைப்பட்டது.

தார் றோட்டில் இளஞ்சூடு இருக்கும் என்று வன்னி மாடுகளுக்குத் தெரியும். மழை பெய்தாலும் நடுறோட்டில் படுத்திருக்கும். தர்மபுரத்தை நெருங்கும்போது அப்படிப் படுத்திருந்த ஒன்று, நான் கிட்டப் போனதும் எழும்ப முடிவெடுத்தது. பிறேக் பிடித்தேன். கீழே சாணி. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாடி தாரில் தேய்ந்தது. மாடு என்னைப் பார்த்தது, பிறகு மற்றப் பக்கம் போய்ப் படுத்தது.

சைக்கிள் வழுக்கி இரண்டு முழம் முன்னுக்குப் போயிருந்தது. யாருமே இல்லாத றோட்டில், நாடியால் இரத்தம் ஒழுக, நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்து விழுந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அப்படிச் செய்த ஆள் நான்தான் என்று நீங்கள் அறிய வேண்டும்.

4

செயினைத் திரும்பக் கொளுவிவிட்டு ஏறினேன். கொஞ்சத் தூரத்தில் ஒரு படலையில் குடை பிடித்தபடி ஒரு பெண் நின்றார். ஐம்பதைத் தாண்டியிருப்பார். விழுந்ததை அங்கிருந்தே பார்த்திருக்க வேண்டும். ஒரு கேள்வியும் கேட்காமல் படலையை அகலத் திறந்தார்.

"உள்ள வாங்க தங்கச்சி."

அவர் பெயர் லெட்சுமி என்று பிறகு தெரிந்தது. மலைநாட்டிலிருந்து வந்த குடும்பம். தகரம் போட்ட வீடு, பக்கத்தில் மாட்டுக்கொட்டில், பின்னால் கச்சான் கடலைத் தோட்டம். கணவரும் மகனும் வயலுக்குத் தண்ணீர் வெட்டிவிடப் போயிருந்தார்கள். எனக்குத் துவாய் தந்தார், தன் சட்டை ஒன்றும் பாவாடையும் தந்தார், காயத்தைச் சுடுதண்ணீரில் கழுவினார். இஞ்சித் தேநீரும் ரொட்டியும் சம்பலும் வந்தன. நான் கதிரையில் இருந்து நடுங்கிக்கொண்டு சாப்பிட்டேன்.

"எங்கேருந்து வாறீங்க?"

"வவுனியாவில இருந்து அக்கா. தனிய ஓடி வாறன்."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியும். நான் எங்க நிக்கிறன் எண்டு ஒவ்வொரு நாளும் ஃபோனில பாத்துக்கொண்டுதான் இருக்கிறார்."

"பாத்துக்கிட்டேவா இருக்காரு?"

"ஓம். அவருக்கு இதே வேலைதான்."

லெட்சுமி அக்காவின் முகம் இறுகியது. கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். "தாடையில இது எப்படி ஆச்சு?"

"மாடு குறுக்க எழும்பினது."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் மெதுவாக. "மாடு. இல்லாட்டி கதவு. இல்லாட்டி கெணத்தடியில வழுக்கிருச்சும்பாங்க."

எனக்கு விளங்கவில்லை. பசி வேறு. இன்னொரு ரொட்டியை எடுத்தேன். அவர் எழும்பி வெளியே போனார். சைக்கிளை மாட்டுக்கொட்டிலின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்து, மழைக்குப் போடுகிற படங்கு ஒன்றால் முழுக்க மூடினார். மழையில் நனையக்கூடாதென்று செய்கிறார் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். உருட்டித்தான் கொண்டுபோனார், ஆனால் அது வளவுக்குள், றோட்டில் இல்லை, பரவாயில்லை என்று விதியைச் சரிபார்த்துக்கொண்டேன். பிறகு அவர் படலைக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் சைக்கிளை 'ஓடுவோம்'. மலைநாட்டுக்காரர் 'ஓட்டுவார்கள்'. ஒரு எழுத்துத்தான். ஓடி வாறன் என்று நான் சொன்னது அவர் காதில், தப்பி ஓடி வருகிறேன் என்று விழுந்திருக்கிறது.

5

ஒரு மணித்தியாலம் கழித்து வான் சத்தம் கேட்டது. அண்ணனின் வான் சத்தம் எனக்குத் தெரியும், மூன்று நாள் கேட்டது. என் தொலைபேசி காட்டிய இடத்தை ஆரணி அவருக்கு அனுப்பியிருக்கிறாள். நான் எழும்ப முன்னம் லெட்சுமி அக்கா குடையோடு படலைக்குப் போய்விட்டார். போகிற வழியில் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டார்.

"அக்கா, இந்தப் பக்கம் சைக்கிளோட ஒரு பொம்பிளை வந்தவவோ?" அண்ணனின் குரல்.

"அப்படி யாரும் வரலையே."

"இந்த இடத்தைத்தான் காட்டுது. என்ர தங்கச்சி. காலமை கிளிநொச்சியில இருந்து ஓடி வந்தவ."

"ஓடி வந்துச்சா? ஏன் ஓடி வந்துச்சு?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. அவளின்ர மகள்கூடச் சொல்லுறாள், அம்மா ஓடிப்போட்டா மாமா எண்டு."

ஆரணியின் தமிழ் அப்படி. சைக்கிளில் புறப்பட்டுப் போய்விட்டார் என்று சொல்ல வந்திருப்பாள். சொல் தேடுகிற அவசரத்தில், வீட்டை விட்டு ஓடிப்போன அம்மாவை உண்டாக்கிவிட்டாள்.

"அண்ணன்மாரும் இப்படித்தான் வருவாங்க" என்றார் லெட்சுமி அக்கா. குரல் உயரவில்லை. "நல்ல வார்த்தை சொல்லிக் கூட்டிட்டுப் போவாங்க. மறுபடி அவன்கிட்டயே கொண்டுபோய் விடுவாங்க. நீங்க போங்க ஐயா. இங்க யாரும் வரல."

"எவனிட்ட?" அண்ணனின் குரலில் இருந்த குழப்பம், இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நான் வெளியே ஓடிப்போய், அது என் அண்ணன்தான், எனக்கு ஒருவரும் அடிக்கவில்லை, கணவர் நோர்வேயில் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறார் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். லெட்சுமி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப நீங்க ஓடி வரல. ஓட்டிக்கிட்டு வந்திருக்கீங்க."

"ஓம் அக்கா. நாங்கள் ஓடுறது எண்டுதான் சொல்லுறது."

"அது தெரியும். நாப்பது வருசமா இங்கதானே இருக்கோம். ஆனா உங்க மூஞ்சியையும் அந்தச் சைக்கிளையும் பாத்தா வேற எதுவும் தோணல." படலையைத் திறந்துவிட்டு அண்ணனிடம் திரும்பினார். "இந்த றோட்டுல மழையில சைக்கிள்ல மூட்டை கட்டிக்கிட்டு ஒரு பொம்பளை வந்தா, நாங்க காரணம் கேக்க மாட்டோம். கேட்டைத் திறப்போம். எங்களுக்கும் அப்படித்தான் தொறந்தாங்க."

லெட்சுமி அக்கா தந்த தேநீரை அண்ணன் குடித்தார். மழை கொஞ்சம் தணிந்தது. "வா, சைக்கிளை ஏத்துவம்" என்றார். நான் மாட்டேன் என்றேன். பொம்பிளை, தனிய என்று தொடங்குவார் என்று பார்த்தேன், அதற்கான பதிலையும் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. லெட்சுமி அக்கா போய்ப் படங்கை இழுத்தார். சைக்கிள் மூன்று பையும் கூடார மூட்டையுமாக நின்றது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னண்ணை?"

"அதைப் பாக்கேலாம இருக்கு" என்றார். "மழைக்குப் பயந்து நான் வரேல்லை சுகந்தி. வவுனியாவில நீ சாமான் கட்டேக்கயே எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு. அண்டைக்கும் நான்தானே கயிறு கட்டினனான். நீ தேடிப் போய் அந்த றோட்டிலயே, அதே மாதிரிச் சைக்கிளோட... ஏன் பிள்ளை? எத்தினையோ றோட்டு இருக்கு."

அண்ணனுக்கு ஐம்பது வயது. இவ்வளவு வருடத்தில் அந்த இரண்டு நாளைப் பற்றி அவர் என்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை. எனக்குள் இருந்த கோபம் போய்விட்டது. பிடிவாதம் போகவில்லை. இரண்டும் ஒன்றென்று நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

"அண்ணை, இதில இருக்கிறது என்ர உடுப்பு" என்றேன். "இறைக்கிற மெசின் இல்லை. நெல்லு இல்லை. ஆரும் என்னைத் துரத்தேல்லை. களைச்சால் நிப்பன், பசிச்சால் சாப்பிடுவன். அண்டைக்கு நாங்கள் உருட்டினனாங்கள். இண்டைக்கு நான் ஓடுறன். இப்ப நீங்கள் வானில ஏத்தினால், எனக்கு இது எண்டைக்கும் உருட்டின றோட்டுத்தான்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "சரி" என்றார். "ஆனால் நான் பின்னால வருவன்."

"பின்னால வந்தால் எனக்குத் துரத்துற மாதிரி இருக்கும். முன்னால போங்கோ."

லெட்சுமி அக்கா சிரித்தார். தந்த சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வேண்டாம், போட்டுக்கிட்டே போங்க என்றார். நேற்று முழுக்க அவருடைய பூப்போட்ட சட்டையோடுதான் சைக்கிள் ஓடினேன். இப்போது அதுவும் கயிற்றில்தான் காய்கிறது.

6

படலையடியில், நான் நின்ற இடத்திலேயே ஏறினேன். மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. வான் முன்னால் போய்ப் போய் நின்றது, நான் கடந்ததும் திரும்ப முந்தியது. தர்மபுரம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் றோட்டு பள்ளமாக இறங்குகிற ஒரு இடம். வயல் வாய்க்கால் பெருகி றோட்டுக்கு மேலால் பாய்ந்துகொண்டிருந்தது. ஆழமில்லை, முழங்காலுக்குக் கீழேதான், ஆனால் கலங்கல், கீழே என்ன கிடக்கிறதென்று தெரியாது. இந்தக் கரையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மோட்டார்சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். பின்னால் வந்த இரண்டு சைக்கிள்காரர்களும் சாரத்தை மடித்துக் கட்டி இறங்கி உருட்டினார்கள். அண்ணனின் வான் தண்ணீரைப் பிளந்துகொண்டு மற்றக் கரைக்குப் போய் நின்றது. அவர் இறங்கி மழைக்குள் நின்றார்.

நான் காலை ஊன்றி நின்றேன். பக்கத்தில் நின்றவர் சொன்னார், "இறங்கி உருட்டுங்கோ அக்கா. எல்லாரும் அப்பிடித்தான் போகினம்."

அவர் சொன்னது நியாயமான பேச்சு. எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். அன்றைக்கும் எல்லோரும் அப்படித்தான் போனோம். எனக்கு முன்னால் தண்ணீருக்குள் குனிந்து உருட்டிக்கொண்டு போகிற முதுகுகளைப் பார்த்தேன். கணைக்காலில் அந்தப் பெடல் அடிப்பது போல இருந்தது. இப்போது இறங்கினால், இன்றைக்கு விழுந்தது, எழும்பியது, ஒரு மனிதப் பிறவி எனக்காக மண்வெட்டி தூக்கியது எல்லாம் வெறும் கதையாகிவிடும் என்று தோன்றியது. விழுந்தாலும் விழுகிறேன். விழுவது இறங்குவதில் சேராது.

கியரைக் குறைத்துக்கொண்டு இறக்கத்தில் விட்டேன். முன்சில்லு தண்ணீரில் இறங்கியதும் சைக்கிள் யாரோ பிடித்த மாதிரி நின்றது. அழுத்தினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கால் தண்ணீருக்குள் போய் மற்றக் கால் வெளியே வந்தது. நடுவில் சில்லு எதிலோ ஏறி ஹாண்டில் திரும்பியது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது மற்றக் கரையிலிருந்து அண்ணன் கத்தினார். இருபத்தொன்பது வருடத்துக்கு முதல் கேட்ட அதே தொண்டை, அதே றோட்டு. ஆனால் இந்த முறை அவர் என் முகத்தைப் பார்த்துக் கத்தினார்.

"உழக்கு சுகந்தி! உழக்கு!"

பெடலை அழுத்தி அழுத்தி உழக்கினேன். கரையில் நின்ற யாரோ கைதட்டியது கேட்டது. தார் திரும்பச் சில்லுக்குக் கீழே வந்தபோது நான் நிற்காமல் அண்ணனைக் கடந்து மேட்டில் ஏறினேன். திரும்பிப் பார்த்தேன். அவர் மழையில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கையைக் காட்டிவிட்டு வானில் ஏறி வவுனியாப் பக்கம் திருப்பினார். பள்ளிக்கூடம் விடுவதற்குள் பிள்ளைகளை ஏற்றப் போய்ச் சேர வேண்டும்.

புதுக்குடியிருப்புச் சந்தியில் பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு காலை ஊன்றி நின்று ஆரணிக்கு எடுத்தேன். அவள் அங்கே விரிவுரைக்குப் போகிற அவசரத்தில் நடந்துகொண்டே பேசினாள். தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். அவளின் காலடிச் சத்தம் நின்றது. பிறகு கேட்டாள்:

"அம்மா, நீங்க அதில ஓடினீங்களா? இல்ல, உருட்டினீங்களா?"

திரில்லெ என்று அவள் சொல்லவில்லை. உருட்டினீங்களா என்றுதான் கேட்டாள். 'ட்' கொஞ்சம் வழுக்கியது, ஆனால் சொல் அதுதான்.

"ஓடினனான்" என்றேன்.

பேர்கனில், ஏதோ ஒரு அலுவலகத்தின் அலுமாரியில் என் கோப்பு இருக்கிறது. விண்ணப்பதாரர் பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வரை சைக்கிள் ஓடிச் சென்றார் என்று அதில் எழுதியிருக்கிறது. இனி அதை யாரும் திருத்த வேண்டியதில்லை.